ஆறு ஷில்லிங்கும் அரைப் பேரும்

வகுப்பேற்றம் என்பது ஆசிரியருக்கு நன்கு பழகிய சொல். ஆண்டிறுதியில் வரவுப் பதிவேட்டையும் புள்ளிப் பட்டியலையும் அருகருகே வைத்துக்கொண்டு, 'ஏற்றப்பட்டான்', 'ஏற்றப்பட்டாள்' என எழுதுங்கால், எழுதுகோல் சில பெயர்களிடத்துச் சற்றே தயங்கி நிற்பதும் உண்டு. விளையாட்டுலகிலும் இதனையொத்த முறையொன்று உளது. ஒரு பருவம் முழுதும் கழகங்கள் ஒன்றோடொன்று பொருதும். வென்றால் இரண்டு புள்ளி, சமநிலையெனின் ஒரு புள்ளி, தோற்றால் யாதுமில்லை. பருவ முடிவில் முதலிடத்து நின்ற கழகம் மேல் வகுப்பிற்கு ஏறும். கடையிடத்து நின்றது கீழ் வகுப்பிற்கு இறங்கும். முன்னையதைப் படியேற்றம் என்றும் பின்னையதைப் படியிறக்கம் என்றும் ஈண்டு வழங்குவேன். பள்ளிக்கூடத்தில் ஏற்றம் உண்டு, இறக்கம் இல்லை. ஆடுகளத்திலோ ஒருவர் ஏறுவதற்கு மற்றொருவர் இறங்கியே ஆகவேண்டும்.

இம்முறையை நோக்குவார் இதனினும் நடுவுநிலையானது பிறிதில்லை என்பர். செல்வர் கழகமோ வறியோர் கழகமோ, நகரத்ததோ சிற்றூரினதோ, புள்ளிதான் பேசும். குலமும் பொருளும் பேசா. அஃது உண்மையே. ஆயினும் ஏணியொன்றைக் கண்டால் அதன் உச்சியை மட்டும் நோக்குதல் போதாது. அதன் முதற்படி நிலத்தைத் தொடுகின்றதா, அன்றி ஓர் ஆள் உயரத்தில் அந்தரத்தே நிற்கின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். இவ்வினாவிற்கு விடை தருவது றக்பி லீக் என்னும் ஆட்டத்தின் வரலாறு. அவ்வரலாறு கொடகவெல, இறக்குவானை, கஹவத்தைப் பகுதித் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்கு மிக நெருங்கியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்ப் பண்டிதனுக்கு றக்பியில் என்ன வேலை எனச் சிலர் நகைக்கலாம். முல்லைக்கலி ஏறு தழுவலை விரித்துரைக்கின்றது. அதற்கு நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். காளையின் திமிலைப் பற்றி உரையாசிரியர் எழுதலாமெனின், நீள்வட்டப் பந்தைப் பற்றி அவர் வழியிற் கற்றோன் எழுதுவதிற் குற்றமில்லை.

ஒரு மரத்து இரு கிளைகள்

றக்பி ஆட்டம் இருவகைப்படும். ஓர் அணிக்கு 15 பேர் ஆடுவது யூனியன் முறை. 13 பேர் ஆடுவது லீக் முறை. இலங்கையில் வேரூன்றியது யூனியன் முறையே. இரண்டிலும் பந்தைக் கையிலேந்தி ஓடலாம். முன்னோக்கி எறிதல் ஆகாது. எதிரியின் எல்லைக் கோட்டிற்கு அப்பாற் சென்று பந்தை நிலத்தில் ஊன்றினால் வெற்றிப் புள்ளி கிட்டும். லீக் முறையிற் பிடிபட்டவன் எழுந்து பந்தை நிலத்திலிட்டுக் காலாற் பின்தள்ளித் தன் தோழனுக்கு விடுவான். மீண்டும் ஓட்டம் தொடங்கும். லயத்து முற்றங்களிற் சடுகுடு ஆடும் நம் சிறுவர் இவ்வாட்டத்தைக் கண்டால் உடனே விளங்கிக்கொள்வர். எதிரியின் நிலத்துட் புகுதல், பலர் கூடி ஒருவனை மடக்குதல், மூச்சை அடக்கி முட்டித் தள்ளுதல் ஆகிய இவை அவர்க்குப் புதியன அல்ல.

ஒரே மரம் இரு கிளையாய்ப் பிரிந்தது எதனால்? ஆட்ட விதி பற்றிய கருத்து வேற்றுமையால் என்று எண்ணுவோர் பலர். 13 பேர் என்னும் விதி வந்தது 1906ஆம் ஆண்டில். பிரிவு நிகழ்ந்ததோ 1895இல். பிரித்தது கூலி.

சனிக்கிழமை அரைநாள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வடபால் யோர்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் இவ்வாட்டம் தொழிலாளரிடையே காட்டுத்தீயெனப் பரவிற்று. ஆடியோர் நெசவாலைத் தொழிலாளரும் நிலக்கரிச் சுரங்கத்தாரும் துறைமுகத்துச் சுமையாளரும் ஆவர். சனிக்கிழமை முற்பகல் வரை வேலை, பிற்பகல் ஓய்வு. அந்த அரைநாளே அவர்தம் ஆட்டநாள். உள்ளூரில் ஆட்டமெனின் இடர் இல்லை. பிற ஊருக்குச் செல்வதாயின் முற்பகலிலேயே புகைவண்டி ஏறவேண்டும். ஏறினால் அன்றைய கூலி போயிற்று. ஆட்டத்திற் காயமுற்றாலோ அடுத்த வாரக் கூலியும் போயிற்று.

ஆடுவதற்கு ஊதியம் வேண்டும் என்று அவர்கள் கேட்டாரல்லர். ஆடியதால் இழந்த கூலியை ஈடு செய்க என்றே கேட்டனர். 1893 செப்தெம்பர் 20ஆம் நாள் இலண்டனிற் கூடிய றக்பி யூனியன் பொதுக்கூட்டத்தில் யோர்க்ஷயரார் இக்கோரிக்கையை முன்மொழிந்தனர். ஆதரித்த வாக்குகள் 136; எதிர்த்தவை 282. கோரிக்கை வீழ்ந்தது. தென்பாற் கழகங்களின் தலைவர்கள் பெரும்பாலும் உயர்தரப் பாடசாலைகளிற் பயின்றோர். வழக்கறிஞர், மருத்துவர், வணிகர். சனிக்கிழமை காலையைச் செலவிடுதல் அவர்க்கு இழப்பன்று. அன்பினால் ஆடுவோனே ஆட்டக்காரன், காசு தொட்டால் ஆட்டம் மாசுறும் என்பது அவர் கொள்கை. அமெச்சூர் என்னும் சொல்லின் வேரும் இலத்தீன் மொழியில் அன்பு என்பதே. ஆனால் அன்பிற்கு ஒருவன் கொடுக்கும் விலை ஒன்றுமில்லை. மற்றொருவன் கொடுக்கும் விலை பிள்ளைகளின் உணவு. இவ்விருவரையும் ஒரே விதியால் அளப்பது நடுவுநிலை போலத் தோன்றும். துலாக்கோல் நேரே நிற்பினும் தட்டுகளின் கீழுள்ள நிலம் சமமன்று.

இரண்டாண்டு கழித்து, 1895 ஆகஸ்ட் 29ஆம் நாள், ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் விடுதியில் வடபாற் கழகத்தார் கூடி யூனியனை விட்டு நீங்கினர். வடக்கு யூனியன் என்னும் புதிய அமைப்பு அன்று தோன்றிற்று. 1922இல் அது றக்பி லீக் என்று பெயர் மாறிற்று. தொடக்கத்தில் அவர்கள் அனுமதித்த ஈட்டுத்தொகை நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் மாத்திரமே.

அகராதியில் இல்லாத சொல்

இழந்த கூலியை ஆங்கிலேயர் 'புறோக்கன் டைம்' என்றனர். முறிந்த நேரம் எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாற் பொருள் விளங்காது. இதனைத் தமிழாக்க முனைந்தபோது அகராதிகள் எனக்கு உதவவில்லை; தோட்டத்துப் பிரட்டுக்களம் உதவிற்று.

தோட்டத்துத் தமிழில் 'பேர்' என்பதற்குத் தனிப்பொருள் உண்டு. விடியற்காலையிற் பிரட்டுக்களத்திற் கூடுவோர் பெயர் செக்ரோலிற் பதியப்படும். முழுநாள் உழைத்து, குறித்த நிறைக்குக் கொழுந்தோ பாலோ கொடுத்தால் ஒரு பேர். நண்பகலோடு நின்றாலோ, நிறை குறைந்தாலோ அரைப் பேர். 'இந்த மாதம் எத்தனை பேர்?' என ஒருவரை ஒருவர் கேட்பின், ஆட்தொகையை வினவுகின்றார் என்று அயலார் எண்ணுவர். அவர் கேட்பது வேலைநாட் கணக்கை. அதாவது உலையில் எத்தனை நாள் அரிசி வேகும் என்பதை. மனிதனின் பெயரே அவன் கூலிக்குப் பெயராகிய இவ்வழக்கைப் போல் உள்ளத்தை உறுத்தும் ஆகுபெயர் இலக்கண நூல்களில் எனக்கு அகப்படவில்லை.

யோர்க்ஷயர்த் தொழிலாளி இழந்தது அரைப் பேர். இலண்டன் கூட்டத்தில் 282 வாக்குகளால் மறுக்கப்பட்டதும் அரைப் பேரே. இச்சொல்லை வைத்துக்கொண்டு நோக்கின், கடல் கடந்த அவ்வரலாறு நம் லயத்து வாசலில் வந்து நிற்கின்றது.

முதற் பருவம்

1895ஆம் ஆண்டு செப்தெம்பரில் தொடங்கிய முதற் பருவத்தில் 22 கழகங்கள் பொருதின. ஒவ்வொரு கழகமும் 42 ஆட்டம் ஆடிற்று. முடிவில் ஒரேயொரு புள்ளி வேற்றுமையால் ஹலிபக்ஸ் கழகத்தைப் பின்னிறுத்தி முதலிடம் பெற்றது மன்னிங்ஹாம். அது பிரட்போர்ட் நகரின் ஒரு பகுதி. பட்டும் வெல்வெட்டும் நெய்யும் பேராலை அங்கே இருந்தது. 1890 திசெம்பரிற் கூலிக் குறைப்பை எதிர்த்து அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, மாதக்கணக்கிற் பசியோடு போராடி, 1891 ஏப்பிரலில் தோல்வியுற்று மீண்டனர். அத்தோல்வியின் வடுவோடு பிரட்போர்டில் 1893இற் பிறந்ததே சுதந்திரத் தொழிற்கட்சி. ஆலைவாயிலிற் கூலிக்குறைப்புக்குத் தலைவணங்க நேர்ந்த அவ்வூரின் பெயரைத் தாங்கிய கழகம், ஐந்தாண்டுக்குள் ஆடுகளத்தில் முதலாவதாய் நிமிர்ந்தது.

ஆயினும் அப்புகழ் நிலைத்ததன்று. வருவாய் குன்றிய மன்னிங்ஹாம் கழகம் 1903இல் இவ்வாட்டத்தையே கைவிட்டு உதைபந்தாட்டத்திற்கு மாறிற்று. இன்று பிரட்போர்ட் சிற்றி என உலகறிந்த உதைபந்தாட்டக் கழகம் அதுவே. ஏணியின் உச்சியில் நின்றவர்க்கும் அங்கே நிலையான பட்டா இல்லை.

ஏற்றமும் வழிச்செலவும்

படியேற்ற முறை அவர்களிடத்தும் எளிதில் நிலைபெறவில்லை. முதற் பருவத்தின் 42 ஆட்டங்களுக்குரிய பயணம் கழகங்களை வருத்தவே, அடுத்த ஆண்டே யோர்க்ஷயர், லங்காஷயர் எனப் பிரதேசவாரியாகப் பிரிந்தாடினர். 1902இல் 36 கழகங்களை வகுப்பிற்குப் பதினெட்டாக இரு வகுப்பாக்கினர். அவ்வாண்டு கீழ்வகுப்பில் முதலிரு இடம் பெற்று மேலேறிய கழகங்கள் கீத்லியும் லீட்ஸும் ஆம். ஆனால் மூன்றே ஆண்டில், 1905இல், அம்முறை கைவிடப்பட்டது. அண்டை ஊர்க் கழகம் வேறு வகுப்பில் நின்றமையால், நடந்தே வந்து பார்க்கும் கூட்டம் குறைந்தது. தொலையூருக்குச் செல்லும் வழிச்செலவோ கூடிற்று. 1962இல் மீண்டும் முயன்று ஈராண்டில் விட்டனர். 1973இல் மூன்றாம் முறையாகத் தொடங்கினர்.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? படியேற்றம் ஆட்டக்காரனின் கால்களால் மட்டும் நிகழ்வதன்று. அவனை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு யார் காசு கொடுப்பது என்பதும் அதனோடு பிணைந்துள்ளது. ஆதலாற்றான் ஊரை ஒட்டிய பிரதேசப் போட்டி எந்நாட்டிலும் அடிப்படியாய் அமைகின்றது.

அதே 1973ஆம் ஆண்டில் ஹடர்ஸ்பீல்ட் நகரிலேயே, ஊதியம் பெறாது ஆடுவோர்க்கெனத் தனிச் சங்கம் ஒன்று தோன்றிற்று. ஊர்தோறும் சிதறிக் கிடந்த சிறு கழகங்களை அது திரட்டிற்று. 1986இல் நாடளாவிய அமெச்சூர் லீக் தொடங்கிப் பல வகுப்புகளாய் விரிந்தது. அக்கழகங்களின் பெயர்களைப் பாருங்கள்: லீ நகரின் சுரங்கத்தார் கழகம், விகன் நகரின் புனித பற்றிக் கழகம், கம்பிரியச் சிற்றூரொன்றின் வாத் பிரௌ கழகம். சுரங்கம், கோயில், சிற்றூர் ஆகிய மூன்றும் ஆட்டத்திற்கு வேராய் நிற்கின்றன. சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் சுரங்கத்தார் என்னும் பெயர் மறையவில்லை. 2012 முதல் அவர்கள் குளிர்காலத்தை விடுத்து வெயிற்காலத்தில் ஆடுகின்றனர். வாரம் முழுதும் பிறதொழில் செய்து சனிக்கிழமையில் ஆடும் இவர்களே அன்பினால் ஆடுவோர் என்னும் பெயருக்கு முழுதும் உரியர்.

காசு தொட்டால் மாசு என்று 1893இல் வாக்களித்த யூனியன் முறையாரோ, 1995 ஆகஸ்டில் ஊதிய ஆட்டத்தைத் தாமே ஏற்றுக்கொண்டனர். பிரிவு நிகழ்ந்து சரியாக நூறாண்டு சென்றிருந்தது. ஈடு கொடுத்தால் ஊதியமும் பின்தொடரும் என அவர் அன்று அஞ்சியது முற்றும் பொய்யென்று சொல்வதற்கில்லை; வடக்கு யூனியனில் மூன்றாண்டுக்குள், 1898இல், ஊதியம் வந்தே விட்டது. ஆயினும் அவ்வச்சத்திற்கு விலை கொடுத்தோர் அஞ்சியவரல்லர். அரைப் பேர் இழந்தவரே.

நம் நாட்டு ஏணி

இலங்கையிற் றக்பி 1879இற் கொழும்பில் தொடங்கிற்று. கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரியை 1891இல் நிறுவிய பிளேஸ் என்பார் அதனைப் பாடசாலைக்குக் கொணர்ந்தார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் ஆடியது பாடசாலைகளுக்கிடையிலான முதலாட்டம். 1908இல் இலங்கை றக்பி யூனியன் அமைந்தது. 1922இல் இந்நாட்டவர் தமக்கெனக் கொழும்பில் ஒரு றக்பிக் கழகம் கண்டனர். 1945இல் றோயல், திரித்துவக் கல்லூரிகளுக்கிடையே பிராட்பி கேடயப் போட்டி தொடங்கிற்று.

இவற்றின் மறுபுறத்தே மலைநாட்டில் திம்புளை, டிக்கோயா, ஊவா ஆகிய இடங்களிலும், சப்பிரகமுவையை அடுத்த களனிப் பள்ளத்தாக்கிலும் தோட்டத்துரைமாரின் கழகங்கள் எழுந்தன. தேசாதிபதி கிளிபர்ட் குடும்பத்தின் பெயர் தாங்கிய கிண்ணத்திற்காக அவை கொழும்புக் கழகங்களோடு பொருதின. தேயிலை மலைகளின் நடுவே பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற களங்களை இன்றும் காணலாம். அம்மேடுகளை வெட்டி நிரவிச் செப்பனிட்ட கைகள் யாருடையவை என்பதை நாம் அறிவோம். அக்கைகளுக்குரியோர் வேலிக்கு வெளியே நின்றனர். அவரைத் தடுக்கும் விதி ஆட்ட நூலில் இருக்கவில்லை. இருக்கவேண்டிய தேவையும் இல்லை. பிரட்டுக்களமே போதுமானதாயிருந்தது.

தமிழர் இவ்வாட்டத்தில் இல்லையென்பதன்று. 1950 செப்தெம்பரிற் பிரித்தானியத் தீவுகளின் அணி கொழும்புக்கு வந்து 44க்கு 6 என்னும் புள்ளிக் கணக்கில் இலங்கையை வென்றது. அன்று இலங்கைக்காக ஆடியவருள் ஒருவர், விரைவோட்டத்திலும் ஆசியப் புகழ் ஈட்டிய சும்மா நவரத்தினம். அவர் பயின்றது கொழும்பு றோயல் கல்லூரியில். திறமை அவருடையது, அத்திறமைக்குக் களமும் பயிற்சியும் ஓய்வும் அளித்தது அக்கல்லூரி.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஐரோப்பியத் துரைமார் நீங்கினர். மலைநாட்டுக் கழகங்களின் பழைய வலு குன்றிற்று. பின்னர் கொழும்பின் ஆதிக்கத்தை முறித்து, 1990களிலிருந்து மீண்டும் மீண்டும் முதலிடம் பெற்றது கண்டிக் கழகம். தலைநகரன்றி உள்நாடும் ஏணியின் உச்சியை எட்டலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் கண்டியைச் சூழ்ந்த கல்லூரிகள் நூறாண்டாக ஊன்றி வளர்த்த வேரே அக்கழகத்தைத் தாங்கிற்று என்பதை மறத்தலாகாது. வேரில்லாத இடத்தில் வெற்றிப் பட்டியலை மட்டும் நட்டால் முளைக்குமா?

வேலிக்கு வெளியே

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் ஓட்டத்தில் வல்லவன். இரத்தினபுரியில் நடைபெறவிருந்த போட்டியொன்றிற்குத் தேர்வானான். துணைக்குத் தந்தையார் செல்லவேண்டும். அவர் இறப்பர்த் தோட்டத்திற் பால்வெட்டுபவர். பால்வெட்டு விடியற்குளிரிற் செய்யவேண்டிய தொழில். வெயில் ஏறினால் பால் வற்றிவிடும். அவர் என்னிடம் வந்து, "மழை விட்டு இப்பதாங்க ஐயா வேலை கெடைச்சிருக்கு. போனா அன்னைக்குப் பேரு விழாதுங்க. தம்பி ஓடுறதப் பாக்க எனக்கும் ஆசைதாங்க" என்றார். ஆசைதான் என்ற அச்சொல்லே அமெச்சூர் என்பதன் நேர்ப்பொருள். சிறுவன் செல்லவில்லை.

2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என விதிக்கப்பட்டது. 2024இல் 1,350 ரூபாயாயிற்று. எண் மாறிற்று, பேர், அரைப் பேர் என்னும் கணக்கு மாறவில்லை. இந்நிலையில், 'தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஊக்கமில்லை' எனக் கூறுவோர், 1893இல் வாக்களித்த 282 பேரின் வரிசையிற் போய் நிற்கின்றனர்.

செய்யத்தக்கன யாவை? முதலாவது, ஒரு தொழிலாளியோ அவர் பிள்ளையோ தேர்ந்தெடுக்கப்பட்ட போட்டிக்குச் செல்லும் நாளை முழுப் பேராகப் பதிதல். தோட்ட நிருவாகமும் விளையாட்டுத் துறையினரும் தொழிற்சங்கத்தாரும் கூடிப் பேசினால் இஃது அரிதன்று. இரண்டாவது, றக்பியாயினும் உதைபந்தாயினும் கரப்பந்தாயினும், போட்டிகளை ஊரருகே அமைத்தல். கொடகவெலையிலிருந்து பெல்மதுளைச் சந்தியும் இரத்தினபுரியும் அவிசாவளையும் கடந்து கொழும்பு சென்றுதான் ஒருவன் முதற்படியை மிதிக்கவேண்டும் எனின், அது படியன்று, மதில். கஹவத்தையும் இறக்குவானையும் பலாங்கொடையும் தமக்குள் ஆடி, அங்கு வென்றவர் மாவட்டத்திற்கும், பின்னர் மாகாணத்திற்கும் ஏறுதல் வேண்டும். மூன்றாவது, ஏறிய அணியின் வழிச்செலவைப் போட்டி நடத்துவோரே ஏற்றல். வென்றதற்குத் தண்டமாக ஒரு கழகம் கடன்படுமாயின், அப்படியேற்றம் கேலிக்கூத்தேயாம்.

அன்பினால் ஆடுதல் உயர்ந்ததே. அவ்வன்பு எல்லார்க்கும் இயலவேண்டுமாயின், அதற்குரிய செலவை வறியவன் தோளில் மட்டும் ஏற்றாதிருத்தல் வேண்டும். ஹடர்ஸ்பீல்ட் விடுதியிற் கூடியோர் கேட்டது ஆறு ஷில்லிங். நம்மவர்க்கு வேண்டுவது ஒரு பேர். அதனைச் செக்ரோலில் எழுத ஒரு கோடு போதும். அக்கோட்டை இடும் அதிகாரமுடையோர் ஆவன செய்வாராக.